அமலன் அண்ணாச்சியின் மடிப்பெட்டி

காது கேட்காத ஒரு மனுஷன் என் கடைக்கு வந்து, பத்துப் பேருக்கு முன்னால், என் தேக்குப் பலகையில் சத்தம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இது நடந்து பதினோரு வருஷம் ஆகிறது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை. ஆள் இப்போது இல்லை. இல்லாத ஆளைப் பற்றி எழுதும்போது நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்கிறார்கள். எனக்கு அப்படி வராது. முதலில் என் கோபத்தை இறக்கி வைத்துவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் எனக்குப் பழைய மரக்கடை. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிற பெரிய பெரிய மிஷின்களைச் சுற்றி மரப்பெட்டி அடித்து அனுப்புவார்கள். மிஷின் கம்பெனிக்குப் போய்விடும், பெட்டி எனக்கு வரும். ஆணியைப் பிடுங்கிப் பலகை பலகையாகப் பிரித்து விற்போம். கோழிக்கூடு அடிக்க, கான்கிரீட்டுக்கு அடைப்புக் கொடுக்க வாங்கிப் போவார்கள். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பழைய வீடு இடிக்கிற இடத்தில் எடுத்த தேக்கும் அயனியும் தனியாக நிழலில் அடுக்கியிருப்பேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஆனால் மரத்தில் எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு நினைப்பு உண்டு.

அன்றைக்கு வந்தவர் திரேஸ்புரத்து அமலன். சங்கு குளிக்கிறவராக இருந்தவர். எனக்குப் பத்து வயசு மூத்தவர், அதனால் அண்ணாச்சி. மூன்றடி நீளம், ஒரு சாண் அகலம், சன்னமாக இழைக்கிற மாதிரி ஒரு பலகை வேண்டும் என்றார். என்ன செய்யப்போகிறார் என்று தெரியாது. நல்லதாகக் கொடுப்போமே என்று நூறு வருஷத்துத் தேக்கில் ஒரு பலகையை எடுத்துத் துடைத்து நீட்டினேன். அவர் அங்கே கிடந்த கட்டையில் உட்கார்ந்தார். பலகையை மடியில் போட்டு விரல் முட்டியால் தட்டினார். பிறகு ஒரு முனையைத் தாடை எலும்பில் வைத்துக்கொண்டு இன்னொரு முனையைத் தட்டினார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல சத்தம் இல்ல பிரகாசு."

காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. ரோட்டுக்குக் கேட்டது. என் கடையில் ஆணி பிடுங்குகிற செல்லத்தாய் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "செவிடு அவியளுக்கா, நம்ம தேக்குக்கா அண்ணாச்சி?" என்று என்னிடம் கேட்டாள். வாங்க வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அமலன் அதைக் கவனிக்கவே இல்லை. நேரே கோழிக்கூட்டுப் பலகைக் குவியலுக்குப் போனார். முப்பது பலகையாவது தட்டியிருப்பார். வெள்ளையாக, ரேகை நெருக்கமாக, ஒரு பக்கம் கறுப்பு முத்திரை குத்திய ஒன்றை உருவினார். காற்றாடி மிஷின் வந்த பெட்டியில் அடித்திருந்த பலகை அது. "இது பேசுது" என்றார். எடுத்துக்கொண்டு கிளம்பும் என்று கையைக் காட்டினேன். தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். தட்டுவார், தாடையில் வைப்பார், திருப்பி வைப்பார். பத்து வாரத்துக்கு ஒன்று எடுப்பார். தேக்குப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அவர் காது போன கதை எங்கள் ஊரில் புதுசு இல்லை. சங்கு குளிக்கப் போகிறவர்கள் படகில் கம்ப்ரஸரை ஓடவிட்டு, அதிலிருந்து வருகிற ட்யூபை வாயில் கடித்துக்கொண்டு பத்து, பன்னிரண்டு பாகம், அதாவது அத்தனை ஆள் ஆழம், இறங்குவார்கள். சளி பிடித்திருக்கும்போது இறங்கக்கூடாது. சளி பிடித்திருக்கிறது என்று எவன் வீட்டில் உட்கார்கிறான்? வலது காது உள்ளே வெடித்து ரத்தத்தோடு மேலே வந்தார். இரண்டு வாரத்தில் மறுபடி இறங்கினார். இடது காதும் போனது. பிறகு சீழ் வைத்து, இருந்த கொஞ்சமும் வருஷத்துக்கு வருஷம் வற்றிக்கொண்டே வந்தது. காது வழி அடைத்துவிட்டது, இனி எலும்பு வழியாகத்தான் ஏதாவது உள்ளே போகும், அதுவும் கொஞ்சம்தான் என்று டாக்டர் சொன்னார். கடல் வேலை முடிந்தது. கப்பல்காரர்கள் வந்து தங்கி, வீட்டுக்குப் போன் பேசி, கேரம் ஆடிவிட்டுப் போகிற ஒரு விடுதியில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது.

அந்த விடுதியில்தான் அந்தப் பெட்டி கிடைத்திருக்கிறது. எந்தக் கப்பல்காரன் விட்டுப் போனானோ, ஸ்டோர் ரூமில் பழைய புத்தகங்களுக்கு அடியில், நடுவில் விரிசல் விட்டுக் கிடந்தது. மூன்றடி நீளத்தில் ஒடுக்கமாக ஒரு பெட்டி. மேலே நெடுக ஒரு கட்டை ஓடும். கட்டையின் மேல் கம்பித் துண்டுகள் பதித்திருக்கும். நாலு கம்பி கட்டியிருக்கும். தூக்கிப் போடச் சொல்லியிருக்கிறார்கள். போடுவதற்கு முன் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் வைத்து, மிச்சமிருந்த ஒரு கம்பியை விரலால் இழுத்துவிட்டாராம்.

அதை அவர் எனக்குப் பத்துத் தடவை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி. "காதுக்கு ஒண்ணும் வரல. தொடையில வந்துச்சு. தொடையில வந்து, முதுகுல ஏறி, மண்டைக்குள்ள போயி, அங்கன கேட்டுச்சு பிரகாசு. ஆறு வருசம் கழிச்சு மொதோ சத்தம்."

அது என்ன என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. பாதி வீணை என்றார்கள். சின்னப் படகு மாதிரி இருக்கிறது, வள்ளம் என்றார்கள். மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிற ரோச், துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிற வேலை பார்க்கிறவர், அவர்தான் போனில் தேடி டல்சிமர் என்று கண்டுபிடித்தார். அமெரிக்காவில் மலைமேல் இருக்கிற ஜனங்கள் வீட்டிலேயே செய்து மடியில் வைத்து வாசிக்கிறதாம். ஒரு கிழவர் வாசிக்கிற படத்தையும் ஓடவிட்டுக் காட்டினார். பின்னால் மலை, மலைக்குப் பின்னால் மலை. அமலன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்த ஆளு கடலப் பாத்திருக்க மாட்டாரு. ஆனா வள்ளம் செஞ்சிருக்காரு" என்றாராம்.

என் பலகை என்ன ஆகிறது என்று பார்த்தே தீர்வது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை திரேஸ்புரத்துக்குப் போனேன். ஆசையாகப் போகவில்லை. இரண்டு அறை உள்ள வீடு. முன்னறைச் சுவரில் ஆணி அடித்து ஏழு பெட்டி தொங்கின. அந்தப் பழைய விரிசல் பெட்டி ஒன்று, அவர் செய்தது ஆறு. கோழிக்கூடு ஆக வேண்டிய பலகை, சப்பாத்திக் கனத்துக்கு இழைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, தேன் நிறத்தில் இருந்தது. முத்திரை குத்திய இடத்தை அவர் சுரண்டவில்லை. அப்படியே விட்டிருந்தார். கட்டையில் கம்பித் துண்டு பதிக்க வேண்டிய இடங்களைப் பழைய பெட்டியிலிருந்து எடுக்க, அவர் அளவு நாடாவைத் தொடவில்லை. தூண்டில் நரம்பை மேலே நீட்டி, ஒவ்வொரு கம்பித் துண்டுக்கும் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். கடல் ஆழம் பார்க்கிற கயிறு மாதிரி. அந்த நரம்புதான் அவருக்கு ஸ்கேல்.

என்னை உட்காரச் சொல்லி ஒன்றை என் மடியில் வைத்தார். எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு அவரே வாசித்தார். இடது கையில் ஒரு துண்டுச் சங்கு. சங்கின் நடுத்தண்டை உடைத்துத் தேய்த்து வழவழப்பாக்கிய விரல் நீளக் குச்சி. அதை ஒரு கரையோரம் இருந்த இரட்டைக் கம்பியின் மேல் அழுத்தி இங்கும் அங்கும் ஓட்டினார். வலது கையில், தண்ணீர்க் கேன் மூடியில் வெட்டிய ஒரு சில்லு. அதனால் நாலு கம்பியையும் சேர்த்து வருடினார். பாட்டு அந்த இரட்டைக் கம்பியில் மட்டும் நடக்கும். மற்ற இரண்டும் ஒரே சுதியில் ரீங்காரம் போட்டுக்கொண்டே இருக்கும்.

சத்தம் பெரிசு இல்லை. பக்கத்து அறைக்குப் போகாது. ஆனால் என் தொடை எலும்பில் அது ஓடியது. மரம் அறுக்கிற மிஷினை நிறுத்திய பிறகும் கையில் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி. ஆனால் அது வலி, இது சுகம். இடுப்பு வழியாக ஏறி விலா எலும்பில் வந்து நின்றது. முப்பது வருஷம் மரத்தைத் தோளில் தூக்கியிருக்கிறேன். அதற்குள் இப்படி ஒன்று இருக்கும் என்று தெரியாமல் தூக்கியிருக்கிறேன். அவரிடம் சண்டை போடத்தான் வந்தேன் என்பது வீட்டுக்குத் திரும்பி வரும்போது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

இன்னொரு நாள் ரோச் ஒரு சோதனை வைத்தார். அமலனை வெளியே அனுப்பிவிட்டு நாலு கம்பியையும் கண்டபடி தளர்த்திவிட்டார். அண்ணாச்சி வந்து உட்கார்ந்து மடியில் வைத்தார். கண் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கம்பியை இறுக்குகிற முடுக்கை ஒவ்வொன்றாகத் திருகினார். இரண்டு கம்பி ஒத்துப்போகாவிட்டால் தொடையில் டும் டும் என்று அடிக்குமாம். நெருங்க நெருங்க அந்த அடி மெதுவாகுமாம். ஒத்துவிட்டால் அடி நின்று, காற்றில்லாத நாள் கடல் மாதிரி ஆகிவிடுமாம். திருகி முடித்துத் தலையை ஆட்டினார். ரோச் சுதி பார்க்கிற ஆப்பை போனில் திறந்து பக்கத்தில் வைத்தார். இரட்டைக் கம்பியில் முதலில் ஒன்றை மீட்டினார், அப்புறம் மற்றதை. முள் இரண்டு தடவையும் ஒரே கோட்டில் போய் நின்றது. ரோச் போனை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நல்ல காது இருந்தும் தன்னால் இவ்வளவு சீக்கிரம் பிடிக்க முடியாது என்று வெளியே வந்து என்னிடம் சொன்னார்.

சரி, ஒன்று போதாதா, ஏன் இத்தனை செய்கிறார்? அவரோடு பேச நான் எழுதித்தான் காட்ட வேண்டும். பலகையில் பென்சிலால் எழுதுவேன், அவர் வாயால் பதில் சொல்வார். 'எதற்கு இத்தனை' என்று எழுதிக் காட்டினேன். அடுக்களைப் பக்கம் பார்த்தார். அவர் மனைவி விஜிலா அங்கே மீன் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள், தபசு காலம் வந்தால் அந்தத் தெருவில் சாயங்காலம் பெண்கள் கூடி இயேசுவின் பாடுகளை ஒப்பாரியாகப் பாடுவார்கள். ஒருத்தர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும். எடுத்துக் கொடுக்கிறது விஜிலா. கல்யாணத்துக்கு முன்பே அப்படித்தான். முகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னால், மூன்று தெரு தள்ளி நின்று அந்தக் குரலைக் கேட்டுத்தான் அமலன் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். இந்தப் பெட்டி வந்த பிறகு ஒரு நாள், விடுதி வாசலில் மடியில் வைத்தபடி சும்மா இருந்திருக்கிறார். துறைமுகத்தில் கப்பல் ஊதியிருக்கிறது. இவர் கம்பியைத் தொடவே இல்லை. பெட்டி தானாக நடுங்கித் தொடையில் சொல்லியிருக்கிறது.

"கப்பலு ஊதுனா வருதுல்லா. அப்ப அவ பாடுனா வரணும். வருசம் எட்டாச்சு, அவ கொரலக் கேட்டு. வாய் அசையுதது மட்டும் தெரியுது. இருக்குற கொஞ்சமும் போறதுக்குள்ள ஒருக்கா கேட்டிரணும். அதுக்குத்தான்" என்றார்.

பெட்டி கனமாக இருந்தால் ஒரு பெண்ணின் குரலுக்கு அசையாது. கப்பலுக்குத்தான் அசையும். அதனால்தான் லேசான மரம், நெருக்கமான ரேகை, இன்னும் சன்னம், இன்னும் சன்னம் என்று அலைந்திருக்கிறார். என் தேக்கு பாறை மாதிரி. அதில் எதுவும் அசையாது. அன்றைக்குத்தான் எனக்கு அது விளங்கியது. விளங்கியும் கோபம் போகவில்லை என்று சொன்னேனே, அதை எனக்குத் தனியாக வந்து மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

ஒவ்வொரு பெட்டி முடிந்ததும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, விஜிலா எதிரில் உட்கார்ந்து பாட வேண்டும். அமலன் மடியில் வைத்து இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொள்வார், தன் கை பட்டுவிடக்கூடாது என்று. கொஞ்சம் காற்று இருந்தாலும் கம்பியை ஆட்டி ஏமாற்றும் என்று ஃபேனை நிறுத்திவிடுவார்கள். வேர்த்து ஊற்றும். அவர்கள் பாடுவார்கள். கம்பி அசையாது. அமலன் பெட்டியைச் சுவரில் மாட்டிவிட்டு அடுத்த சனிக்கிழமை என் கடைக்கு வருவார். இப்படி மூன்று நாலு வருஷம். ஒன்பதாவது, பத்தாவது, பதினொன்றாவது. குரல் வாங்காத பெட்டிகளும் மடியில் நன்றாகத்தான் பேசின. வாசிக்கக் கேட்டு ஆசைப்பட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்துவிடுவார்.

பன்னிரண்டாவது பெட்டிக்கு நான் போயிருந்தேன். ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பெட்டிப் பலகை. ரோச் அதைப் பார்த்துவிட்டு, வயலின் செய்கிறவர்கள் தேடுகிற மரம் இதே ஜாதிதான் என்று போனில் காட்டினார். அமலன் அதை வெளிச்சம் தெரிகிற அளவுக்கு இழைத்திருந்தார். கையில் எடுத்தால் பெட்டியை எடுத்த மாதிரியே இல்லை. இந்தத் தடவை தப்பாது என்று எல்லாருக்கும் இருந்தது. விஜிலா பாடினார்கள். எனக்குப் புல்லரித்தது. கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை, இன்னும் சத்தமாக. ஒன்றும் இல்லை. அமலன் தலையைக் குனிந்துகொண்டார்.

விஜிலாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அவர் பார்க்கும்படி நேரே முகத்தை நீட்டிச் சொன்னார்கள்.

"வாயே இல்லாத பெட்டிட்ட பாடச் சொல்லுதிய. எங்கன போயி நுழையும் என் பாட்டு? மீனுக்குக்கூட வாய் இருக்கு."

நான் அப்போதுதான் பெட்டியைச் சரியாகப் பார்த்தேன். உண்மைதான். சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் எங்கேயும் ஒரு துளை கிடையாது. ஒரு ஊசி போகிற இடம் கிடையாது. மூட்டு மூட்டாகப் படகுக்குப் பூசுகிற பைபர் பூசி அடைத்திருந்தார். எழுந்து போய்ச் சுவரிலிருந்த பழைய பெட்டியை இறக்கினேன். மேல் பலகையில் இரண்டு பக்கமும் கொஞ்சம் நிறம் மாறின இடம் இருந்தது. பேனாக்கத்தியால் சுரண்டினேன். பைபர் பொருக்குப் பொருக்காக வந்தது. அடியில் இதய வடிவத்தில் வெட்டிய துளை. பக்கத்துக்கு இரண்டாக நாலு. அதைச் செய்த மலைக்காரன் துளை போட்டிருக்கிறான். கையில் கிடைத்த முதல் நாளே நம் அண்ணாச்சி அதை அடைத்திருக்கிறார். அடைத்துவிட்டு, அடைத்ததைப் பார்த்து அடுத்தடுத்துச் செய்திருக்கிறார்.

அவரைச் சொல்லி என்ன? பிறந்ததிலிருந்து வள்ளத்தில் வளர்ந்த ஆள். மரத்தில் ஓட்டையைக் கண்டால் அடைக்கிறது அந்தக் கைக்கு மூச்சு விடுகிற மாதிரி. ஏன் என்று கேட்டதற்கு என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்.

"ஓட்டைய எவனாவது விடுவானா? தண்ணி ஏறிராதா?"

நான் பென்சிலை எடுத்துப் பலகையில் எழுதிக் காட்டினேன்: இது வள்ளமா?

படித்தார். பெட்டியைப் பார்த்தார். மறுபடி படித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவ்வளவு பெரிய சத்தமாக அவர் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. விஜிலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார்கள்.

சிரித்தாரே தவிர, துளை போடக் கை வரவில்லை. என் கடையிலிருந்து கைத் துளைப்பான் வாங்கிப் போனார். முதல் வாரம் பெட்டியில் பென்சிலால் வட்டம் மட்டும் போட்டு வைத்திருந்தார். இரண்டாவது வாரமும் வட்டம் வட்டமாகவே இருந்தது. நான் போட்டுத் தருகிறேன் என்று எழுதினேன். வேண்டாம் என்றார். மூன்றாவது வாரம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு, நாலு துளை போட்டாராம். கடைசித் துளை போட்டு முடித்ததும் கை கழுவப் போய்விட்டு வந்து, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார் என்று விஜிலா என்னிடம் சொன்னார்கள்.

அந்த ஞாயிறு தபசு காலத்து ஞாயிறு. 2018. மத்தியானம் இரண்டரை மணி. நானும் ரோச்சும் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். ஃபேனை நிறுத்தினோம். அமலன் கையைத் தூக்கிக்கொண்டார். விஜிலா அடுக்களை வாசல் நிலையில் சாய்ந்து நின்று பாட்டை எடுத்தார்கள்.

கம்பி அசையவில்லை.

எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. அமலன் கையை இறக்கினார். முடுக்கைப் பிடித்தார். விஜிலாவைப் பார்த்து, நிறுத்தாதே என்று தலையால் சொன்னார். அவர்கள் அடிச் சுதியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார்கள். அவர் முடுக்கைக் கொஞ்சம் ஏற்றினார். ஒன்றும் இல்லை. இறக்கினார். இன்னும் இறக்கினார். விஜிலா மூச்சு எடுத்து மறுபடி பிடித்தார்கள். அவர் மயிரிழை மயிரிழையாக இறக்கிக்கொண்டே வந்தார்.

அப்போது நான் பார்த்தேன். மெல்லிசான கம்பி ஒன்று, ஒரு கோடாக இருந்தது, இரண்டு கோடாகத் தெரிந்தது. யாரும் தொடவில்லை. பெட்டியிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு பெண் நிற்கிறாள், கம்பி நடுங்குகிறது. ரோச் என் தொடையைப் பிடித்து அழுத்தினார். அமலன் முடுக்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் மறுபடி மேலே தூக்கினார். அவர்கள் பாட்டில் ஏறிப் போனபோது கம்பி அடங்கியது. திரும்பி அடிச் சுதிக்கு வந்ததும் எழுந்தது. போனபோது அடங்கி, வந்தபோது எழுந்தது. வீட்டுக்கு வருகிற ஆளைக் கண்டு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிற மாதிரி, ஒவ்வொரு தடவையும். பாட்டு முழுசும் அவர் கை மேலேயே இருந்தது. கண் மூடியிருந்தது. கோயிலில் பூசை நேரத்தில்கூட அந்த மாதிரி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை. நான் இந்து. என் கோயிலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பாட்டு முடிந்தது. கம்பி இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு நின்றது. அமலன் கண்ணைத் திறந்தார்.

"ஏளா, ஒன் கொரலு எறங்கிருச்சே."

"வயசு ஆகலையாக்கும்" என்று சொல்லிவிட்டு விஜிலா உள்ளே போனார்கள். அடுக்களையில் பாத்திரம் எதுவும் உருளவில்லை.

நானும் ரோச்சும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தோம். நினைத்துப் பார்த்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. இத்தனை வருஷமும் அவர் கம்பியை முறுக்கி வைத்திருந்தது அவர் மனசில் இருந்த குரலுக்கு. பெண் கேட்டு ஆள் அனுப்பிய காலத்து, இருபத்திரண்டு வயசு விஜிலாவின் குரல். துளை இல்லாதது பாதித் தப்பு. மற்றப் பாதி அது. அந்த இரண்டையும் அவர் தொடை எலும்பால் திருத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் அந்த வீட்டில் பெட்டி சுவருக்குப் போகவில்லை. முன்னறை மேசையில் இருக்கும். மத்தியானம் மடிக்கு வரும். அவர்கள் பாட, அவர் சங்குக் குச்சியை ஓட்டி அடியில் வாசிப்பார். கொரோனா வந்து கோயில் பூட்டிக் கிடந்த தபசு காலத்தில் தெருப் பெண்கள் அவரவர் வாசலிலேயே நின்று பாட, இவர் நடுவில் நாற்காலி போட்டு வாசித்தார். வெள்ளை மரத்தில் இன்னும் இரண்டு செய்தார். ஒன்று ரோச்சுக்கு. இன்னொன்று மணப்பாட்டில், அவரைப் போலவே காது போன ஒரு சங்குக் குளியாளுக்கு. பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுபோய்க் கொடுத்தார். எல்லாவற்றிலும் துளை இருந்தது. துளைக்கு உள்ளே தெரிகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் பைபர் பூசியிருந்தார், மனசு கேட்காமல்.

இருந்த கொஞ்சம் கேள்வியும் போய்விட்டது. பலகையைத் தாடையில் வைத்துத் தட்டினால்கூடத் தெரியாது என்ற நிலைமை வந்தது. ஆனால் மடியில் அந்த நடுக்கம் தெரிந்தது. அது போதும் என்றார். விஜிலாவிடம் ஒரு நாள் நான் கேட்டேன், அவருக்குக் கேள்வி முழுசாகப் போன பிறகும் பாடத் தோன்றுகிறதா என்று. வேலை செய்யும்போது தானாகப் பாட்டு வருகிறது, பாடினால் மேசையில் அது கூடச் சேர்ந்து முனகுகிறது, அது முனகாவிட்டால் பாடத் தோன்றுவதில்லை என்று சொன்னார்கள்.

போன வருஷம் ஐப்பசி மழையில் அவருக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். பெட்டியைக் கொண்டுவரட்டுமா என்று விஜிலா கேட்டதற்கு, ஆஸ்பத்திரி ஏ.சி.யில் மரம் காய்ந்து சுருங்கிவிடும், வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். எட்டாவது நாள் காலையில் நான் போனேன். விஜிலா டீ வாங்கக் கீழே போயிருந்தார்கள். என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பென்சிலும் பலகைத் துண்டும் கொண்டு போயிருந்தேன். எழுத வேண்டாம் என்று கையைக் காட்டினார். முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். அல்லது அவருக்குப் பலம் அவ்வளவுதான் இருந்தது.

"சனிக்கெழம சனிக்கெழம வீட்டுக்குப் போ பிரகாசு. சுதி இல்லாட்டி அது அவளுக்குப் பதில் சொல்லாது, அவளும் பாட்ட விட்டுருவா. பெட்டிய எடுத்து மடியில வச்சுக்கிட்டு சும்மா இரு. பாடச் சொல்லாத. அவளா அடுக்களைக்குள்ள பாடுவா. அப்ப முடுக்கத் திருவு. வருசா வருசம் அவ கொரலு கொஞ்சம் எறங்கும், நீயும் எறக்கு. ஒன் தொடையில தெரியுற எடத்துல நிப்பாட்டு. அப்புறம் மேசையில வச்சிட்டு, அவகிட்ட ஒண்ணும் சொல்லாம வந்திரு."